மங்காத இடம்

கிருஷ்ணகிரியில் மே மாதம்
எல்லாருக்கும் பல் கூசும்.
மாங்காய் லாரிகள் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகும்;
கூழ் ஆலைப் புளிப்பு என் கிளினிக் ஏசி வழியே வரும்.

முனிரத்தினம், எழுபத்திரண்டு, வேப்பனப்பள்ளி.
கீழ் வலது கடைவாய், வேர்வரை சொத்தை.
வேர் சிகிச்சை, மேலே ஒரு கிரீடம்.
"கேப்புனு சொல்வாங்களே, அதுவா?"
அதுதான். ஒன்பதாயிரம்.
கொப்பளித்துத் துப்பிவிட்டு
மடியிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார்.
"பழைய பட்டாளச் சாமான் வாங்கறீங்களாமே."

வாங்குகிறேன். பதினோரு வருஷமாக.
பல் அச்சுகளுக்குக் கீழ்த்தட்டில்
தோள்பட்டைப் பித்தளை எழுத்துகள், கொம்புப் பொத்தான்கள்,
ஒரு முரசுக்காரனின் இடைவார்.
ஏமாந்ததும் உண்டு. ஓசூரில் ஒருவன்
தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிய சட்டையை
என் தலையில் கட்டினான்.
மழை பெய்தால் இன்றும் அது டீக்கடையாய் மணக்கும்.

பெட்டிக்குள் ஒரு தொப்பி.
படகுபோல் இரண்டாய் மடியும் காக்கிக் கம்பளி.
உள்வாரில் வியர்வைக் கருப்பு,
பாதி அழிந்த அம்புக்குறி, 1943.
பூச்சி தின்ற ஓட்டைகள் ஒழுங்கில்லாமல்:
நல்லது. போலி செய்கிறவன்
ஓட்டையையும் அழகாகத்தான் போடுவான்.

இடப்பக்கம் பித்தளை வில்லை.
பல் பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கினேன்.
மணலில் வார்த்தது. முகமெல்லாம் அம்மைத் தழும்பு,
ஓரத்தில் அரம் இழுத்த கோடு.
உச்சியில் கிரீடம், வளைவு நடுவில் குழிந்து.
ராஜாவின் கிரீடம் மேடாக நிமிரும்;
குழிந்தால் ராணி. ராணி முடிசூடியது ஐம்பத்து மூன்றில்.
தொப்பியைவிட வில்லை பத்து வயது இளையது.
பழையபேட்டை அடகுக்கடையில் இரவல் வாங்கிய,
கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கடியில்
தைத்த நூல் நீலமாய்ப் பல்லிளித்தது.

"போலிங்க" என்றேன்,
சொத்தை என்று சொல்கிற அதே குரலில்.

"தெரியும்."

அறுபத்து நாலு. அப்பா செத்து நாலாம் வருஷம்.
பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிப்போனவனிடம்
அசலைக் கொடுத்தார், பன்னிரண்டு வயது முனிரத்தினம்.
ஒரு கை நிறையப் பழம்.
கொட்டையையும் சப்பிச் சப்பி வெளுக்கவைத்தாராம்.
அம்மா அடிக்கவில்லை. மூக்குத்தியைக் கழற்றினாள்,
பெங்களூருக்கு பஸ் ஏறினாள்.
எந்தப் படை, என்ன எழுத்து,
படிக்கத் தெரியாது அவளுக்கு.
மஞ்சளாக, கிரீடம் வைத்து ஒன்று. அவ்வளவுதான்.
வெள்ளிதோறும் புளி போட்டுத் தேய்ப்பாள்.

தழும்புகள் மழுங்கியிருப்பதை
அப்புறம்தான் கவனித்தேன்.

"தொப்பிய வச்சுக்கங்க. பல்லுக்குச் சரியாப் போவும்.
வில்லைய மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க."

எனக்கு விற்க வந்த யாரும்
இப்படிக் கேட்டதில்லை.
தையல் பிரிக்கும் கத்தரியால் ஒவ்வொரு முடிச்சாக நறுக்கினேன்.
மரத்த தாடையைத் தடவிக்கொண்டே
அதைச் சட்டைப்பையில் போட்டார்,
வெளியிலிருந்து ஒருதரம் அமுக்கிப் பார்த்தார்.

இரவு தொப்பியை மேசை விளக்கடியில் வைத்தேன்.
வில்லை இருந்த இடத்தில் காக்கி மங்கவில்லை.
அதைச் சுற்றி, கொஞ்சம் வெளுத்து, இன்னொரு ஓரம்:
முட்டை வடிவம், கீழே நாடாவின் வளைவு.
கம்பளிக்குள் இரண்டு துளைகள்.

மூன்றாம் இழுப்பறையில் அப்படி ஒன்று இருக்கிறது.
சேலத்தில் வாங்கியது, மேடான கிரீடம்,
யார் தலையில் இருந்ததோ.
எடுத்து வைத்தேன்.
இரண்டு காதும் இரண்டு துளைக்குள் இறங்கின,
விளிம்போடு விளிம்பு.
எந்தக் கண்ணும் குறை சொல்லாது. விலை நாலு மடங்கு.

கழற்றினேன்.
துண்டுச்சீட்டில் எழுதினேன்:
தொப்பி, 1943, அசல்.
வில்லை, உரியவரிடம்.

பிறகு நாளைய குறிப்பேடு.
வியாழன், பதினொரு மணி.
முனிரத்தினம், கிரீடம்.
நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக வேண்டும்.